இல்லமே இசைத்தமிழின் முதற்பள்ளி

முத்தமிழ் என்று நாம் பெருமையொடு கூறிக்கொள்கின்றோம். மேடைதோறும் அச்சொல் முழங்குகின்றது. மணவிழா அழைப்பிதழ் முதல் மாநாட்டுப் பந்தல் வரை அச்சொல் எழுதப்பெறுகின்றது. ஆயின், அம் முத்தமிழுள் நடுநின்ற இசைத்தமிழ் இன்று எங்கே வாழ்கின்றது என்று ஒருவர் வினவின், நம்முள் பெரும்பாலார் ஒரு மன்றத்தின் பெயரையோ, ஓர் ஆராய்ச்சி நூலின் பெயரையோதான் விடையாகக் கூறுவர். 'என் வீட்டில் வாழ்கின்றது. என் பிள்ளையின் வாயில் வாழ்கின்றது' என்று கூறத்தக்கார் மிகச் சிலரே. நூலகத்தில் இருக்கும் மொழி காக்கப்பெறும். நாவில் இருக்கும் மொழியே வாழும். இசைக்கு இவ்வுண்மை இருமடங்கு பொருந்தும். ஏனெனில், எழுதி வைத்த இசை இசையன்று. பாடுங்கால்தான் அஃது இசையாகின்றது.

இசைத்தமிழை மீட்டெடுக்க நம் பெரியோர் பட்ட பாடு சிறிதன்று. தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917-ஆம் ஆண்டில் 'கருணாமிர்த சாகரம்' என்னும் பெருநூலை வெளியிட்டார். 1941-இல் அண்ணாமலை நகரில் தமிழிசை மாநாடு கூடிற்று. 1943-இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் தோன்றிற்று. 1947-இல் விபுலாநந்த அடிகளாரின் 'யாழ் நூல்' அரங்கேறிற்று. மொழிஞாயிறு பாவாணர் 1966-இல் 'இசைத்தமிழ்க் கலம்பகம்' தந்தார். குடந்தை ப. சுந்தரேசனார் ஊர் ஊராய்ச் சென்று பண்களைப் பாடிக் காட்டியே 1981-இல் மறைந்தார். ஆராய்ச்சி நடந்தது, கிளர்ச்சி நடந்தது, மன்றங்கள் எழுந்தன. எனினும், அவ்வளவு உழைப்பின் பயனும் எந்த வாசலைத் தாண்டி உள்ளே புகுதல் வேண்டுமோ அந்த வாசலில், அஃதாவது தமிழன் வீட்டு வாசலில், வந்து நின்றுவிட்டது. அதனை உள்ளே அழைக்க வேண்டியவர்கள் பெற்றோர். அவர்களை நோக்கியே இத் திங்கள் எழுதுகின்றோம்.

பழந்தமிழர் இசையை ஒரு தனி வகுப்பாரின் தொழிலாக மட்டும் கருதவில்லை. தொல்காப்பியர் ஒவ்வொரு நிலத்திற்கும் உரிய கருப்பொருள்களை எண்ணுங்கால், உணவு, விலங்கு, மரம், பறவை, தொழில் ஆகியவற்றோடு பறையையும் யாழையும் சேர்த்தே எண்ணினார். உண்ணும் உணவில்லாமல் ஒரு நிலத்து மக்கள் எவ்வாறு இரார்களோ, அவ்வாறே பறையும் யாழும் இல்லாமலும் இரார் என்பதே அதன் கருத்து. பிற்காலத்துப் பிள்ளைத்தமிழைப் பாருங்கள். அதன் பத்துப் பருவங்களுள் மூன்றாவது தாலாட்டுக்குரிய தாற்பருவம். நான்காவது கைகொட்டி மகிழும் பருவம். ஆண்பாற் பிள்ளைத்தமிழின் ஒன்பதாவது சிறுபறை முழக்கும் பருவம். முதலில் கேட்டல், பின்னர்க் கைகொட்டித் தாளம் அறிதல், பின்னர்க் கருவி இசைத்தல். ஒரு குழந்தை இசை கற்கும் படிமுறையே இது! இதனை வகுத்தவர் எந்த இசைப்பள்ளியும் நடத்தவில்லை. வீட்டுக் குழந்தையின் வளர்ச்சியை உற்றுநோக்கி வகுத்தனர். இன்று மேலை நாட்டுக் கல்வியாளர் கூறும்போது வியக்கும் நாம், நம் பாட்டனார் ஏட்டில் எழுதி வைத்ததைப் படித்துவிட்டுப் பொருள் எழுதி மதிப்பெண் வாங்குவதோடு நின்றுவிட்டோம்.

இன்றைய நிலை என்ன? வசதியுள்ள பெற்றோர் கிழமைக்கு இரண்டு மணி நேரம் பிள்ளையை இசை வகுப்பிற்கு அனுப்புகின்றனர். கட்டணம் கட்டியாயிற்று, கடமை முடிந்தது என்று கருதுகின்றனர். ஒரு கிழமையில் 168 மணி நேரம் உள்ளது. அவற்றுள் இரண்டு மணி நேரம் ஆசிரியருடையது. எஞ்சிய 166 மணி நேரமும் வீட்டினுடையது. அந்நேரமெல்லாம் வீடு ஊமையாக இருக்குமானால், அல்லது தொலைக்காட்சியின் கூச்சலொன்றே இசையாக இருக்குமானால், எந்த ஆசிரியர்தாம் என் செய்வார்? ஓராண்டு கழிந்து, 'என் பிள்ளைக்கு இசை வரவில்லை' என்று பெற்றோர் கைவிடுகின்றனர். இசை வராததன்று குறை. வீட்டில் அதற்கு இருக்கை தரப்பெறாததே குறை.

மற்றொரு கரணியமும் உண்டு. அது நம் இயக்கத்தார் சிறப்பாக எண்ணத்தக்கது. குழந்தை முதன்முதல் கற்கும் உருப்படிகள் பெரும்பாலும் கன்னடத்திலும் வடமொழியிலும் தெலுங்கிலும் அமைந்தவை. ஆறு அகவைக் குழந்தை பொருளறியாத ஒலிகளை உருப்போடுகின்றது. பாடும் பாட்டில் என்ன சொல்லப்படுகின்றது என்று அதற்குத் தெரியாது; சில வீடுகளில் தாய்க்கும் தெரியாது; சில இடங்களில் ஆசிரியர்க்கே தெரியாது. பொருள் தெரியாத பாட்டைக் குழந்தை விளையாடும்போது முணுமுணுக்காது, தம்பிக்குச் சொல்லித் தராது, உறங்கும்போது நினையாது. முணுமுணுக்கப்பெறாத பாட்டு வகுப்பறையோடு முடிந்துபோம்.

'இசைக்கு மொழி ஏது?' என்று சிலர் வினவுவர். திருவையாற்றில் வாழ்ந்த தியாகராசர் (1767–1847) தெலுங்கில் பாடினார். காரணம், தெலுங்கு அவர்தம் தாய்மொழி. தம் நெஞ்சைத் தம் தாய்மொழியில் திறந்ததனாலேயே அவர் பாட்டு உயர்ந்தது. அவர் வழியைப் பின்பற்றுவோர் செய்யவேண்டுவது யாது? தத்தம் தாய்மொழியிற் பாடுதலே அன்றோ! தெலுங்குப் பாட்டை நாம் பகைக்கவில்லை. வளர்ந்தபின் எம்மொழிப் பாட்டையும் கற்கலாம். ஆனால் முதற்பாட்டு, தாய்ப்பாலைப் போலத் தாய்மொழியதாகவே இருத்தல் வேண்டும் என்கின்றோம்.

இனி, பெற்றோர் செய்யத்தக்கன யாவை என்று காண்போம்.

முதலாவது, கேட்கச் செய்தல். குழந்தை பேசுமுன் ஓராண்டுக் காலம் பேச்சைக் கேட்கின்றது. பாடுமுன்னும் அது கேட்டாக வேண்டும். தாய் தாலாட்டுதல் வேண்டும், தந்தையும் தாலாட்டலாம், இழுக்கில்லை. 'எனக்குக் குரல்வளம் இல்லையே' என்று நாணுதல் வேண்டா. குழந்தைக்குத் தன் தாயின் குரலைவிட இனிய குரல் வேறில்லை. பாட்டியிடம் உள்ள கும்மிப்பாட்டையும் அம்மானையையும் நடவுப்பாட்டையும் அவர் இருக்கும்போதே பாடச்சொல்லிப் பிள்ளைகளைக் கேட்கச் செய்க. அவரோடு அவையும் போய்விடின், எந்த நூலகத்தும் அவற்றைத் தேடிப் பெறல் அரிது.

இரண்டாவது, தாளம். இதற்குக் கருவி வேண்டா, கை போதும். குழந்தையின் பெயரையே தாளமாக்குக. 'குமரன்' என்பதை அசை பிரித்துக் கைதட்டின் மூன்று: தகிட. 'மலர்விழி' எனின் நான்கு: தகதிமி. 'தமிழரசி' எனின் ஐந்து: தகதகிட. மூன்றும் நான்கும் சேர்ந்தால் ஏழு. நான்கும் ஐந்தும் சேர்ந்தால் ஒன்பது. 'குமரன் மலர்விழி' என்று அண்ணனும் தங்கையும் சேர்ந்து தட்டிவிட்டால், பெரியோர் அஞ்சும் ஏழின் நடையைக் குழந்தைகள் விளையாட்டாகவே கைக்கொண்டுவிடுவர். பின்னர்த் தட்டும் விரலெண்ணலும் வீச்சும் கற்பிக்கும்போது ஆசிரியர்க்குப் பாதிப் பணி குறைந்திருக்கும்.

மூன்றாவது, பண். இன்றைய வகுப்புகளில் மாயாமாளவகௌளையில் தொடங்குகின்றனர். கன்னட நாட்டுப் புரந்தரதாசர் வகுத்த முறை என்பர். அதன் இரு பாதியும் ஒத்த அமைப்புடையவை. மிடற்றுக்கு நல்ல பயிற்சியும் தரும். எனினும், அதில் நான்கு இடங்களில் அரைத்தொலைவு நெருக்கம் வருகின்றது. இளங்குழந்தையின் செவி அந் நெருக்கத்தைப் பிடிக்கத் திணறும். நம் முல்லைப்பண்ணோ குரல், துத்தம், கைக்கிளை, இளி, விளரி என்னும் ஐந்து நரம்புகளால் அமைந்தது. இன்று மோகனம் என்கின்றனர். அதில் அரைத்தொலைவு நெருக்கமே இல்லை. இவ் வைந்து நரம்பு முறை சீனத்து நாட்டுப்பாடல்களிலும் காணப்பெறுகின்றது. மாந்தன் மிடற்றுக்கு அத்துணை இயல்பானது. ஆகலின், வீட்டில் முதலில் முல்லைப்பண்ணில் எளிய தமிழ்ப் பாடல்களைப் பாடச் செய்க. வகுப்புப் பாடம் அதன்மேல் வந்து அமரட்டும். பாடலுக்குப் பஞ்சமில்லை. பாவேந்தரின் 'இசையமுது' இருக்கின்றது. பெருஞ்சித்திரனாரின் 'பள்ளிப் பறவைகள்' இருக்கின்றது. சற்று வளர்ந்த பிள்ளைகட்கு முத்துத்தாண்டவர், அருணாசலக் கவிராயர், மாரிமுத்தாப் பிள்ளை ஆகிய சீர்காழி மூவரின் பாடல்கள் இருக்கின்றன. கடவுட்கொள்கையில் வேறுபடுவோரும் தேவாரப் பண்களைத் தமிழின் இசைச் செல்வமாகக் கருதிப் பிள்ளைகட்குக் கேட்பித்தல் நன்று.

நான்காவது, சுதி. ஆடவருட் பலர்க்கு ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டை பொருந்தும். மகளிர்க்கும் சிறார்க்கும் ஏறத்தாழ நாலரை முதல் ஆறு கட்டை வரை பொருந்தும். தந்தையின் கட்டையில் பிள்ளையைப் பாடச்சொன்னால், கீழே குரல் எட்டாது. மேலே கத்த நேரும். கத்திப் பாடுதல் பாடலன்று. சுதிப்பெட்டி வாங்க இயலாதார் வருந்த வேண்டா. இற்றைநாள் செல்பேசியிலேயே சுதி கிடைக்கின்றது. அதனை மெல்ல ஒலிக்கவிட்டு, பாடுமுன் சிறிது நேரம் வாய்மூடிக் கேட்கச் செய்க. ஆண்பிள்ளைகட்குப் பன்னிரண்டு முதல் பதினைந்து அகவைக்குள் குரல் உடையும். அக்காலத்தில் உயர்ந்த நரம்புகளை வலிந்து பாடச் செய்யலாகாது. 'குரல் கெட்டுவிட்டது' என்று எள்ளலுமாகாது. அச்சொல்லால் பாடுவதையே விட்டொழித்த சிறுவர் பலர். குரல் திரும்பும் வரை தாழ்ந்த நரம்புகளில் மெல்லப் பாடட்டும். அல்லது குழலோ பறையோ பழகட்டும்.

ஐந்தாவது, பயிற்சி முறை. ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் இருத்தி வைத்து வாட்டுவதினும், நாடோறும் பதினைந்து மணித்துளி பயிலுவது மிக்க பயன் தரும். ஏழு நாளில் அது நூற்றைந்து மணித்துளி ஆகிவிடுகின்றது. ஆயினும் குழந்தைக்குச் சுமை தெரிவதில்லை. நேரம் ஒன்றாகவே இருக்கட்டும். உண்ணும் நேரம் போல உடலே அதனை நினைவூட்டும். தெரிந்த பாட்டொன்றில் தொடங்குக. நடுவில் கடினமான பகுதியை எடுக்க. முடிவில் குழந்தை விரும்பும் பாட்டில் முடிக்க. ஓரிடத்தில் பிழை நேருமாயின், பாட்டு முழுவதையும் பத்துமுறை பாடச் சொல்லாதீர். பிழைபட்ட அவ்வோரடியை மட்டும் பிரித்தெடுத்து, விரைவைப் பாதியாகக் குறைத்து, மூன்று முறை சரியாகப் பாடச் செய்து, முன்னடியோடு இணைக்க. பிழையோடு பத்துமுறை பாடினால் பிழையே பத்துமுறை பயிலப்பெறும்.

ஆறாவது, பெற்றோரின் ஒழுகலாறு. பயிற்சி நேரத்தில் அருகிருந்து கேளுங்கள். ஒரு கையில் செல்பேசியும் மறுகையில் அதட்டலுமாக இருத்தல் கேட்பதாகாது. 'இன்று கற்றதை எனக்குச் சொல்லிக் கொடு' என்று பிள்ளையிடம் மாணாக்கராக அமருங்கள். கற்பிக்கும் பிள்ளை இருமடங்கு கற்கும்; தாய்தந்தையர்க்குத் தான் ஒன்று தருகின்றோம் என்னும் பெருமிதம் அதன் நெஞ்சில் நிலைக்கும். 'நன்றாய்ப் பாடினாய்' என்று பொதுவாகக் கூறாமல், 'நேற்று நின்றுபோன அந்த அடியை இன்று நிற்காமல் பாடினாய்' என்று குறித்துக் கூறுங்கள். அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதீர். பாட மறுத்ததற்கு அடித்தலும், படிப்பில் குறைந்ததற்குப் பாட்டை நிறுத்துதலும் ஒரே அளவு தீயவை. முன்னது இசையைத் தண்டனையாக்கும். பின்னது இசையைப் பகட்டாக்கும்.

மேடை வேட்கையையும் அடக்குதல் வேண்டும். ஓராண்டு கற்றவுடன் தொலைக்காட்சிப் போட்டிக்குப் பிள்ளையை இழுத்துச் செல்லும் பெற்றோர், சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையை ஒருமுறை படிப்பாராக. மாதவி ஐந்தாம் அகவையில் தொடங்கி ஏழாண்டு பயின்று, பன்னிரண்டாம் அகவையில்தான் அரங்கேறினாள். அவளுக்குப் பின்னே ஆடலாசிரியன், இசையாசிரியன், தண்ணுமையாசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் என ஓர் ஆசிரியர் அணியே நின்றது. அரங்கு பயிற்சியின் கனி. விதை நட்ட மறுநாளே கனி கேட்பது உழவறியார் செயல்.

படிப்புக் கெடும் என்று அஞ்சுவார்க்கு ஒன்று கூறுவோம். நாடோறும் பதினைந்து மணித்துளியால் கெடும் படிப்பு, வேறு ஏதோ ஒன்றால் முன்னரே கெட்டிருத்தல் வேண்டும். பாடும் பிள்ளை ஒலிப்பைத் திருத்தமாகக் கற்கின்றது. ழகர ளகரமும் றகர ரகரமும் மயங்கும் மாணாக்கர்க்கு நூறு முறை விதி கூறுவதினும், அவ்வெழுத்துகள் அமைந்த பாட்டொன்றைப் பாடச் செய்வது விரைந்து பயன் தருவதைத் தமிழாசிரியர் எவரும் அறிவர். யாப்பிலக்கணத்து அசையும் சீரும் தாளம் அறிந்த பிள்ளைக்கு ஒரு மாலையில் விளங்கும். அறியாத பிள்ளைக்கு ஓராண்டிலும் விளங்கா.

இசை செல்வர்க்கும் ஒரு குலத்தார்க்குமே உரியது என்னும் பொய்யையும் வீட்டிலேயே ஒழித்தல் வேண்டும். முதற்கருவி மிடறு, அஃது எல்லார்க்கும் உண்டு. மூங்கிற் குழலுக்குப் பெருவிலை இல்லை. மாவட்டத் தலைநகர் பலவற்றில் அரசு இசைப்பள்ளிகள் உள்ளன. அங்குத் தேவாரமும் நாகசுரமும் தவிலும் கற்பிக்கப்பெறுகின்றன. பறையோ, தொல்காப்பியர் ஐந்நிலத்திற்கும் உரைத்த கருவி. அதனை இழிவென்று ஒதுக்கியவர் தம் முன்னோரையே ஒதுக்கினர். பிள்ளை பறை பழக விரும்பினால், 'நம் வீட்டிலா?' என்று முகஞ்சுளிக்கும் பெற்றோர் தமிழிசை பற்றி மேடையில் பேசாதிருத்தல் நன்று. பெண்பிள்ளை மணம்பேசும் வரை பாடினால் போதும், ஆண்பிள்ளைக்குப் பாட்டு எதற்கு என்னும் இரு பேதைமைகளும் அவ்வாறே களையத்தக்கன. ஆபிரகாம் பண்டிதர் 1916-இல் பரோடாவில் கூடிய இசை மாநாட்டில், தம் ஆராய்ச்சி முடிபுகளை மெய்ப்பிக்கத் தம் குடும்பத்துப் பெண்மக்களையே வீணை இசைக்கச் செய்தார்! தம் இல்லத்தையே இசைப்பள்ளியாக்கியவர்க்கன்றி அத் துணிவு பிறர்க்கு வாராது.

அதே 1916-ஆம் ஆண்டில்தான் பல்லாவரத்தில் மறைமலையடிகள் தம் மகள் நீலாம்பிகையாரோடு உலவியவாறு வள்ளலார் பாட்டொன்றைப் பாடினார். அதில் வந்த 'தேகம்' என்னும் வடசொல்லின் இடத்தில் 'யாக்கை' என்னும் தென்சொல் நின்றிருப்பின் செய்யுளின் ஓசையின்பம் இன்னும் சிறக்குமே என்று மகளிடம் கூறினார். தனித்தமிழ் இயக்கத்தின் விதை அவ்வுரையாடலில் விழுந்தது. இதனை நாம் ஆண்டுதோறும் விழாவில் கூறுகின்றோம். ஆனால் அந்நிகழ்ச்சி எங்கு நிகழ்ந்தது என்பதை எண்ணுகின்றோம் அல்லோம். மாநாட்டில் நிகழவில்லை, பல்கலைக்கழகத்தில் நிகழவில்லை. வீட்டில், தந்தை பாட, மகள் கேட்க, ஒரு பாட்டின் ஓசையைப் பற்றி இருவரும் பேச நிகழ்ந்தது. பாடாத வீடாக அஃது இருந்திருப்பின்?

ஆகலின், பெற்றோரே! பிள்ளைகட்குத் தூய தமிழ்ப் பெயரிட்டீர்கள், நன்று செய்தீர்கள். அப்பெயரைச் சொல்லித் தாலாட்டவும், அப்பெயரைத் தாளமிட்டு ஆடவும் வீட்டில் இடம் செய்யுங்கள். இன்று மாலையே தொடங்குங்கள். விளக்கேற்றும் பொழுதில் பதினைந்து மணித்துளி தொலைக்காட்சியை நிறுத்துங்கள். ஒரு தமிழ்ப் பாட்டைப் பிள்ளையோடு சேர்ந்து பாடுங்கள். சுதி விலகினால் விலகட்டும், நாளை சேரும். குரல் நடுங்கினால் நடுங்கட்டும், நாளடைவில் நிற்கும். ஒரு தெருவில் ஒரு வீடு பாடினால் அடுத்த வீட்டுப் பிள்ளை சாளரத்தண்டை வந்து நிற்கும். அதனையும் உள்ளே அழையுங்கள்.

மன்றங்கள் காக்க முடியாத இசைத்தமிழை மழலைகள் காப்பர். பிள்ளைகள் பாடட்டும், வீடுகள் ஒலிக்கட்டும், இசைத்தமிழ் வாழட்டும்!